பாங்காக் வேலை, டூரிஸ்ட் விசா: நம்பலாமா?

கேள்வி: தம்பியோடது ஈ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும்) பாஸ்போர்ட். "டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம், ஏர்போர்ட்டில் நம்ம ஆள் இருக்கார்" என்று ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். எதையெல்லாம் சரிபார்க்கணும்?

பதில் 1: அனுப்பாதீங்க. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. சுற்றுலா என்று சொன்னால் அந்தச் சோதனையே வராது. ஏஜென்ட் டூரிஸ்ட் விசா என்று சொல்வது அதற்குத்தான். 'நம்ம ஆள்' நிஜமாகவே இருந்தாலும், ஒப்பந்தமோ காப்பீடோ எங்கேயும் பதிவாகாது.

பதில் 2: வெளிநாட்டு வேலைக்கான அரசுத் தளமான இமைக்ரேட்டில் ஏஜென்ட்டின் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்க. பெயர், முகவரி, உரிமக் காலம் மூன்றும் பொருந்தணும். அடுத்தவர் எண்ணை விசிட்டிங் கார்டில் அச்சடிக்கிறவங்க உண்டு. தளத்தில் இருக்கும் போனுக்கே கூப்பிடுங்க. ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ரசீது தரலைன்னா அங்கேயே நிறுத்துங்க.

பதில் 3: இப்படிப் போறவங்களை, பாங்காக்கில் இறங்கியதும் காரில் தாய்லாந்து எல்லை ஊரான மேசாட்டுக்குக் கூட்டிப்போவாங்க. மோய் ஆற்றைத் தாண்டினால் மியாவாடி, அது மியான்மர். ஆன்லைன் மோசடிக் கூடங்கள் அங்கேதான். எக்ஸிட் முத்திரை இல்லாமல் கடந்தவர், தப்பி வந்தாலும் சட்டவிரோதக் குடியேறி என்றுதான் பிடிபடுவார். பணம் கொடுத்துட்டீங்கன்னா, சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் வாட்ஸ்அப் உரையாடலோடு உடனே எழுத்தில் புகார் கொடுங்க.