யூதர்களைக் காத்த கத்தோலிக்கக் குருக்கள்: பிள்ளைகளிடம் யாரைப் பற்றிச் சொல்வது?

கேள்வி

வணக்கம். மொரீசியசின் போ பாசேனில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை நான். பாலஸ்தீனத்தில் தங்கவிடாமல் பிரித்தானிய ஆட்சி 1940 டிசம்பரில் இங்கே கொண்டுவந்த ஏறத்தாழ 1,580 யூத அகதிகள், 1945 வரை எங்கள் ஊர்ச் சிறைச்சாலையில்தான் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் இங்கேயே இறந்தவர்களின் கல்லறைகளைச் செயின்ட் மார்ட்டினில் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் ஒரு சிறுமி, "ஐரோப்பாவில் இவர்களைத் துரத்தியபோது நம் சாமியார்கள் சும்மாவா இருந்தார்கள்?" என்று கேட்டாள். அவளிடம் என்ன சொல்லலாம்?

மறுமொழி 1

அம்மா, பிரான்சின் துலூஸ் நகரப் பேராயர் சலியேழிலிருந்து தொடங்குங்கள். பக்கவாதத்தால் பேசவே சிரமப்பட்ட அவர், 1942 ஆகஸ்ட் 23 ஞாயிறன்று கோயில்களில் வாசிக்கச் சொல்லி அனுப்பிய மடலில், யூதர்களும் மனிதர்களே, நம் உடன்பிறந்தவர்களே என்று எழுதினார். அதிகாரிகள் தடுத்தும் பல கோயில்களில் அது வாசிக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு மொந்தோபான் ஆயர் தெயாசின் மடல் வந்தது. அதன் படிகளை மரி ரோஸ் ழினெஸ்த் என்ற பெண் மிதிவண்டியில் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார். அந்த மிதிவண்டியைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

மறுமொழி 2

மடல்களை நானும் மதிக்கிறேன். ஆனால் 1940 அக்டோபரில், ஜெர்மனிக்குப் பணிந்து பிரான்சை ஆண்ட விஷி அரசு யூதர்களை ஒடுக்கும் சட்டத்தை இயற்றியபோது பிரெஞ்சு ஆயர்கள் வெளிப்படையாக எதிர்க்கவில்லை என்பதையும் அச்சிறுமியிடம் மறைக்காதீர்கள். என் மனத்தில் உயர்ந்து நிற்பவர் கப்புச்சின் சபைத் துறவி மரி பெனுவா. மார்செய் மடத்தின் நிலவறையில் அடையாள அட்டைகளையும் ஞானஸ்நானச் சான்றிதழ்களையும் போலியாக அச்சிட்டுக் கொடுத்து, தேடி வந்தவர்களை ஸ்பெயினுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் தப்ப வைத்தார். 1943இல் உரோமை சென்ற பிறகும் அந்தப் பணியை விடவில்லை. பொய்ச் சான்று எழுதுவது பாவமில்லையா என்று அவள் கேட்டால், அந்தத் தாளில் பெயர் மாறியதால்தான் ஒரு குடும்பம் எல்லையைத் தாண்டியது என்று சொல்லுங்கள்.

மறுமொழி 3

பிரான்சின் ஆவோனில் கார்மேல் துறவற சபையின் பள்ளியை நடத்திய அருட்தந்தை ழாக்கையும் விட்டுவிடாதீர்கள். மூன்று யூதச் சிறுவர்களை வேறு பெயர்களில் சேர்த்துப் படிக்கவைத்தார். 1944 ஜனவரி 15 அன்று நாஜிகளின் இரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ பள்ளிக்குள் புகுந்து அவரையும் சேர்த்து நால்வரையும் பிடித்தது. சிறுவர்கள் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார்கள். வேறொரு வதைமுகாமிலிருந்து விடுதலையாகியும் உடல் தேறாத ழாக், 1945 ஜூன் 2 அன்று ஆஸ்திரியாவின் லின்சில் இறந்தார்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வரும் சனிக்கிழமை மிதிவண்டியில் தொடங்குகிறேன். ஆவோன் சிறுவர்களைப் பற்றிச் சொல்லும் முன், அவளுடைய தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு வயது பதினொன்றுதான்.