கவுன்சிலர் "தீர்மானம் போட்டாச்சு"ங்கறார், சாக்கடை மட்டும் வந்தபாடில்ல. பேரூராட்சி கூட்டம் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

தெக்குத்தெருக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு திண்டுக்கல் பக்கம் ஒரு பேரூராட்சி, 15 வார்டு. எங்க தெருவுல ஒரு பக்கம் சாக்கடை இருக்கு, எதிர்ப்பக்கம் கிடையாது, அந்தப் பக்கத்து வீட்டு தண்ணி பூரா ரோட்டுல ஓடி பிள்ளையார் கோயில் முன்னாடி தேங்கி நிக்குது. தெருவுல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி கவுன்சிலர்கிட்ட மனு குடுத்தோம். மனுசன் நல்லவர்தான், போன் அடிச்சா எடுப்பார், ஆனா பொங்கலுக்கு முன்னாடி "மன்றத்துல தீர்மானம் நிறைவேத்தியாச்சு தம்பி, வேலை வந்துரும்"னு சொன்னவர் ஆடி பொறந்தும் அதையேதான் சொல்லிட்டு இருக்கார்.

தீர்மானம் பாஸ் ஆச்சுன்னா வேலை நடந்தே ஆகணுமா இல்ல அது சும்மா பேப்பர்தானா? அப்புறம் இந்தக் கூட்டத்தை நம்மள மாதிரி ஆளு போய் உக்காந்து பாக்கலாமா? எங்க அத்தை ஊரு ஊராட்சி, அங்க கிராம சபைன்னு மைக் கட்டி கூப்புடுறாங்க, எங்க ஊர்ல அப்படி ஒண்ணையும் காணோம். போன வாரம் வீட்டு வரி கட்ட ஆபீஸ் போனேன், மாடியில கூட்டம் நடந்துச்சு, ஏறிப் போனா வாசல்ல நின்னவர் மெம்பர் மட்டும்தான்னு திருப்பி விட்டுட்டார். கீழ வந்து ஒரு டீயக் குடிச்சு முடிக்கல, எல்லாரும் வடை பொட்டலத்தோட இறங்கி வர்றாங்க. அஜெண்டாவுல முப்பது பொருளுக்கு (விவாதிக்க வேண்டிய விஷயத்துக்கு) மேல இருந்துச்சாம், அதுக்குள்ள எப்படிங்க முடியும்?

---

பழைய தலைமை எழுத்தர்

தம்பி, நான் பேரூராட்சியில இளநிலை உதவியாளரா சேந்து தலைமை எழுத்தரா ரிட்டயர் ஆனவன், மினிட் புக் எழுதியே கை தேஞ்சு போச்சு. முப்பது பொருள் ஏன் சீக்கிரம் முடியுதுன்னு மொதல்ல சொல்றேன். அஜெண்டாவுல முதல் பொருள் எப்பவும் போன மாச வரவு செலவு. அதுக்கப்புறம் பிளீச்சிங் பவுடர் வாங்கினது, தெருவிளக்குக்கு சாமான் வாங்கினது, போர் மோட்டார் காயில் கட்டினது, குப்பை வண்டிக்கு டயர் மாத்தினதுன்னு வரிசையா வரும். இதுல பாதிக்கு மேல ஏற்கனவே செஞ்சு முடிச்ச செலவு, தலைவர்கிட்ட முன் அனுமதி வாங்கி செஞ்சிட்டு மன்றத்தோட அங்கீகாரத்துக்கு வைக்கிறது. மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா அடுத்த கூட்டம் வரைக்கும் ஊரு தண்ணியில்லாம கிடக்க முடியாதுல்ல, அதனால இது தப்புன்னு சொல்ல வரல. ஆனா கேள்வி கேக்கணும்னா அங்கதான் கேக்கணும். ஒரே மோட்டாருக்கு ஒரே வருசத்துல எத்தனை தடவ ரிப்பேர் பில்லு வந்துச்சுன்னு எந்த மெம்பராவது பழைய அஜெண்டாவ எடுத்து வச்சு கேட்டா ஈஓவுக்கு (செயல் அலுவலருக்கு) வேர்த்துரும், நான் இருந்த காலத்துல அப்படி கேட்ட மெம்பர் ரொம்ப கம்மி.

உங்க சாக்கடைக்கு வர்றேன். தீர்மானம் போட்டாச்சுன்னு சொன்னா அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல, தீர்மானத்தோட கடைசி வரி என்னன்னு பாருங்க. "பொது நிதியிலிருந்து மேற்கொள்ள அனுமதிக்கப்படுகிறது"ன்னு இருந்தா ஆபீஸ்ல காசு இருக்கு, வேலை வரும். "அரசுக்குக் கருத்துரு அனுப்பலாம்"னு இருந்தா ஃபைல் உதவி இயக்குநர் ஆபீஸ் போய் அங்கருந்து சென்னையில பேரூராட்சிகள் ஆணையர் ஆபீஸ் போய் ஏதாவது திட்டத்துல சேத்தாத்தான் உண்டு. "நிதி நிலைக்கேற்ப பரிசீலிக்கலாம்"னு இருந்தா கவுன்சிலர் மனசு நோகக்கூடாதுன்னு எழுதினது. அந்த வரிய நானே எழுதியிருக்கேன், எத்தனை எழுதினேன்னு கணக்கு இல்ல.

பொது நிதியா இருந்தாலும் தீர்மானத்தோட முடியாது. இன்ஜினியர் வந்து அளந்து எஸ்டிமேட் போடணும், தொகையப் பொறுத்து மேல நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி வாங்கணும், டெண்டர் விடணும், வந்த டெண்டர மறுபடி மன்றத்துல வச்சு ஏத்துக்கணும், அப்புறம்தான் ஒர்க் ஆர்டர். அதாவது ஒரு சாக்கடை குறைஞ்சது ரெண்டு தடவ மன்றத்துக்கு வரணும். உங்க தெரு ஒரு தடவதான் வந்துருக்குன்னா இன்னும் வாசப்படியிலதான் நிக்குதுன்னு அர்த்தம்.

---

பதினொண்ணாவது வார்டு

பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கம்மா கவுன்சிலர், பெண்கள் வார்டு. ஊரு பேரு வேணாம். அம்மா கூட்டத்துக்குப் போறாங்க, அஜெண்டாவ நாந்தான் படிச்சு சொல்றேன். சில ஊர்ல மெம்பரோட வீட்டுக்காரரே போய் உக்காந்துக்குறாரு, அந்தக் கதை தனியா பேசணும்.

கூட்டத்துல ஏன் யாரும் பேசுறதில்லைன்னா பேச்சு முந்தின நாளே முடிஞ்சிருக்கும், தலைவர் ரூம்ல. யார் வார்டுக்கு பேவர் பிளாக், யாருக்கு சாக்கடை, யாருக்கு போர்னு அங்கயே பிரிச்சுருவாங்க. அங்க கிடைக்காத ஆளுதான் மறுநாள் கூட்டத்துல சத்தம் போடுவார், வெளிநடப்பு பண்ணுவார், பேப்பர்ல போட்டோ வரும். அடுத்த மாசம் அவர் வார்டுக்கும் ஒரு சின்ன வேலை வந்துரும், அமைதியாயிருவார். எங்கம்மா ஒரு தடவ வரவு செலவுல டீசல் கணக்கு கேட்டாங்க, அடுத்த கூட்டத்துல தர்றோம்னாங்க, அந்த அடுத்த கூட்டம் இன்னும் வரல 😀

இன்னொண்ணு, கவுன்சிலர திட்றதுக்கு முன்னாடி இதையும் தெரிஞ்சுக்கங்க. பேரூராட்சி மெம்பருக்கு மதிப்பூதியம் மாசம் 2,500, அதுவும் 2023லதான் வந்துச்சு. தலைவருக்கு 10,000. தெருவிளக்கு எரியலன்னா ராத்திரி பதினோரு மணிக்கு போன் வர்றது எங்க வீட்டுக்குத்தான், ஈஓ வீட்டுக்கு இல்ல.

---

மனு மன்னன்

தோழர், கூட்டத்துக்குப் போகலாமாங்கற கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. 1920ம் வருசத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்துலயே மன்றக் கூட்டத்த பொதுமக்கள் பாக்கலாம்னுதான் இருந்துச்சு, வெளிய போகச் சொல்லணும்னா தலைமை வகிக்கிறவர் காரணத்த மினிட்ல எழுதிட்டு சொல்லணும். இப்ப அந்தச் சட்டம் போய் 1998 நகர்ப்புற உள்ளாட்சி சட்டமும் 2023 விதிகளும்தான் நடப்புல இருக்கு. வாசல்ல நிக்கிறவர்கிட்ட சட்டம் பேசி பிரயோசனம் இல்ல, முன்னாடியே ஈஓவுக்கு கூட்டத்தைப் பார்வையிட அனுமதி வேணும்னு ஒரு லெட்டர் எழுதி தபால் பிரிவுல சீல் போட்டு நகல் வாங்கிக்கங்க. முடியாதுன்னா எழுத்துல தரட்டும். ஆனா போனாலும் பாக்கத்தான் முடியும், எந்திரிச்சு பேச முடியாது, அத மனசுல வச்சுக்கங்க.

கிராம சபை ஊராட்சிக்கு மட்டும்தான், பேரூராட்சிக்கு கிடையாது. நகர்ப்புறத்துக்குன்னு 2022ல வார்டு கமிட்டி, பகுதி சபான்னு விதி போட்டு அந்த வருசம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னைக்கு முதல் கூட்டம் நடந்துச்சு, அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சியில பம்மல்ல போய் உக்காந்தார். உங்க ஊர்ல எங்க வச்சு நடத்துறாங்கன்னு ஆபீஸ்ல கேளுங்க. சில இடத்துல நடந்ததே போட்டோ பாத்துத்தான் தெரியும்.

தீர்மான நகலுக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலர்னு போட்டு அனுப்புங்க, நகலுக்கு பக்கத்துக்கு 2 ரூபா. 30 நாள்ல பதில் தரணும், தரலன்னா முதல் மேல்முறையீடு. கேக்கும்போது "எங்க தெருவுக்கு ஏன் சாக்கடை போடல"ன்னு கேக்காதீங்க, ஏன்னு கேட்டா அது "தகவல்" ஆகாதுன்னு ஒரே வரியில முடிச்சுருவாங்க. இந்த மாசத்துலருந்து இந்த மாசம் வரைக்கும் எங்க தெரு வடிகால் சம்பந்தமா மன்றத்துல வச்ச பொருள், அலுவலகக் குறிப்பு, தீர்மானம், எஸ்டிமேட் நகல் வேணும்னு கேளுங்க. அலுவலகக் குறிப்ப, அதாவது அந்தப் பொருளப் பத்தி ஆபீஸ்ல எழுதி வைக்கிற விவரத்த, விட்றாதீங்க, விஷயமே அதுலதான் இருக்கும்.

---

சும்மா ஒரு ஆளு

இதுக்கு நமக்கு நாமே திட்டத்துல போயிருக்கலாமே? மக்கள் மூணுல ஒரு பங்கு குடுத்தா மீதி கவர்மென்ட் போடுது. எங்க ஊர்ல பார்க் அப்படித்தான் வந்துச்சு.

---

பழைய தலைமை எழுத்தர்

உங்க ஊர்ல மூணுல ஒரு பங்க யாரு குடுத்தாங்க? பெரும்பாலும் ஒரு மில்லோ பள்ளிக்கூடமோ நகைக்கடையோ குடுத்திருக்கும். கூலி வேலைக்குப் போற தெருவுல வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி சாக்கடை போடச் சொல்றது எனக்கு சரியாப் படல. வீட்டு வரி கட்டுறதே இதுக்குத்தானே.

காசு ஏன் இல்லைன்னும் சொல்லிர்றேன். மாநில அரசோட சொந்த வரி வருவாய்ல 10 சதவீதம் உள்ளாட்சிக்குன்னு எஸ்எஃப்சி (மாநில நிதிக்குழு) மானியம் வருது, ஆனா சின்ன ஊருக்கு வந்து சேர்றதுல கரண்ட் பில்லு, கூட்டுக் குடிநீருக்கு குடிநீர் வாரியத்துக்கு கட்ற காசு, சம்பளம், பென்சன்னு போயிரும். 2021லருந்து 2026 மார்ச் வரைக்கும்னு வந்த மத்திய அரசோட 15வது நிதிக்குழு காசுலயும் 60 சதவீதம் குடிதண்ணி, சுகாதாரம்னு கட்டிப்போட்ட காசுதான். ஊரோட சொந்த வருமானம்னு பாத்தா வீட்டு வரி, தண்ணி வரி, வாரச்சந்தை ஏலம், பஸ் ஸ்டாண்ட் கடை வாடகை. அந்த கடை வாடகைய பத்து வருசமா ஏத்தாம விட்டிருந்தா அதுக்கும் ஒரு தீர்மானம் இருக்கும், அதையும் ஆர்டிஐல கேட்டுப் பாருங்க, சுவாரசியமா இருக்கும்.

---

தெக்குத்தெருக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆர்டிஐ போடலாம்னுதான் போனேன், அதுக்கு முன்னாடி கவுன்சிலர்கிட்டயே அந்த அஜெண்டா காப்பி இருக்கான்னு கேட்டா உடனே எடுத்து குடுத்துட்டார், பீரோவுக்கு மேல கட்டுக்கட்டா வச்சிருக்கார். எங்க தெரு பொருள் எண் 23. தீர்மானம் ஐயா சொன்ன மாதிரி "நிதி நிலைக்கேற்ப". அலுவலகக் குறிப்புல "மேற்படி இடத்தில் வடிகால் அமைத்தால் கழிவுநீர் வெளியேற வழியில்லை என பொறியாளர் தெரிவித்துள்ளார்"னு ஒரு வரி இருக்கு. இதப் பத்தி கவுன்சிலருக்கே தெரியல, அவரும் இப்பதான் படிக்கிறார். அந்தப் பக்கம் முடியுற இடத்துல ஒரு தனியார் காலி மனை இருக்கு, அதுக்கு அந்தாண்டதான் ஓடை. இனி என்ன பண்றதுங்க?

---

பழைய தலைமை எழுத்தர்

அப்ப காசு ரெண்டாவது பிரச்சினை. போக்கிடம் இல்லாத சாக்கடைக்கு எந்த இன்ஜினியரும் எஸ்டிமேட் போட மாட்டார், போட்டா நாளைக்கு ஆடிட்ல அவர் மாட்டுவார். தனியார் மனைய நம்பாதீங்க, அது வருசக்கணக்குல இழுக்கும். இருக்கற பக்கத்து சாக்கடையில சேக்க முடியுமான்னு பாக்கணும், ரோட்டுக்கு குறுக்க அடியில தண்ணி போற மாதிரி ஒரு சின்ன கல்வெர்ட் போட்டா போதும். ரோடு எந்தப் பக்கம் வாட்டம், பழைய சாக்கடை எவ்வளவு ஆழம், அது இப்பவே நிரம்பி வழியுதா இல்ல பாதிதான் ஓடுதான்னு மழை பெய்யிற அன்னைக்கு பாத்து போட்டோ எடுத்து வைங்க. "கல்வெர்ட்டுடன் கூடிய வடிகால், பழைய வடிகாலில் இணைக்க"ன்னு புதுசா மனு எழுதி ஈஓவுக்கு ஒண்ணு, கவுன்சிலருக்கு ஒண்ணு, உதவி இயக்குநருக்கு ஒண்ணு குடுங்க. பழைய மனுவையே தூக்கிட்டுப் போனா பழைய குறிப்பையே திருப்பி எழுதி வச்சுருவாங்க.

---

பதினொண்ணாவது வார்டு

இந்த கவுன்சிலருங்கெல்லாம் பதவியேத்தது 2022 மார்ச் 2, அஞ்சு வருசம்னா 2027 மார்ச்சோட சரி. கடைசி வருசத்துல எல்லா மெம்பருக்கும் தெருவுல ஒரு வேலைய காட்டணும்னு இருக்கும், தாமதிக்காம குடுங்க. சாக்கடை இருக்கற பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் முன்னாடியே பேசிருங்க, எங்க வாசல் வழியா உங்க தண்ணி போறதான்னு அவங்க ஒரு எதிர் மனு குடுத்தா ஃபைல் அங்கயே படுத்துரும்.

---

தெக்குத்தெருக்காரன்

அந்தப் பக்கத்து மூணாவது வீடு எங்க சித்தப்பா வீடுதான், அவர்கிட்டதான் பயமா இருக்கு 😅 சித்திகிட்ட பேசிட்டு வந்து சொல்றேன்.