வயதான பூனை கிண்ணம் வரை வந்து திரும்பிவிடுகிறது: உதவி தேவை

சென்னிமலைத்தறி, ஞாயிறு இரவு 9.40
எல்லோருக்கும் வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். எங்கள் பூனைக்குப் பல்லில் கோளாறு, சாப்பிட மாட்டேன் என்கிறது. வயதான பூனை. என்ன கொடுத்தால் சாப்பிடும்? வீட்டில் இருப்பதை வைத்துச் சொன்னால் நல்லது.

பவானிக்கரை, 9.52
எத்தனை வயது? எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை? இதுவரை என்ன கொடுத்து வந்தீர்கள்? தண்ணீராவது குடிக்கிறதா? பல்லில்தான் கோளாறு என்று யார் சொன்னது?

காங்கேயத்தான், 9.58
குடற்புழுவாக இருக்கும். பூச்சி மருந்து கொடுத்து எத்தனை மாதம் ஆகிறது?

பொள்ளாச்சி இளநீர், 10.05
பூச்சியும் இல்லை, பல்லும் இல்லை. முடி. தன்னையே நக்கி நக்கி விழுங்கிய முடி வயிற்றில் உருண்டையாகக் கிடக்கும். எங்கள் அமுச்சி வீட்டுப் பூனை இப்படித்தான் சுருண்டு கிடந்தது. ஒருநாள் காலை வாசலில் விரல் நீளத்துக்குக் கக்கிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்விட்டது. அருகம்புல் வைத்துப் பாருங்கள்.

மீசைக்காரர், 10.20
வயதான பூனை, பல்லில் கோளாறு, என்ன கொடுக்கலாம். இதை மட்டும் வைத்துக்கொண்டு பலன் சொல்ல நான் ஜோசியன் அல்ல. வாரம் ஒருவர் இப்படி வருகிறார். பூனைக்கு மொத்தம் 30 பல், மேலே 16, கீழே 14. அவற்றில் எது என்று பார்த்தீர்களா? கொஞ்சம் படித்துவிட்டு வந்து கேட்டால் பதில் சொல்கிறவர்களுக்கும் மரியாதை.

பவானிக்கரை, 10.24
பதற்றத்தில் எழுதியிருக்கிறார். விடுங்கள் ஐயா.

சென்னிமலைத்தறி, 11.15
மன்னிக்கவும், பாவு பிணைக்கிற வேலை இருந்தது, இப்போதுதான் கை ஓய்ந்தது. பூனையின் பெயர் மணி. என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மழையில் நனைந்து வந்த குட்டி. அவள் இப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு. நாங்கள் சாப்பிடுவதுதான் அதற்கும்: அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து, இரவில் பால் சோறு, ஞாயிற்றுக்கிழமை கறியில் ஒரு துண்டு.

பசி இல்லை என்று சொல்ல முடியாது. கிண்ணச் சத்தம் கேட்டால் தறிக்குழிப் பக்கமிருந்து ஓடி வருகிறது. ஒரு வாய் எடுக்கிறது. தலையை இடப்பக்கம் சாய்க்கிறது, முன்னங்காலால் கன்னத்தை அடித்துக்கொள்கிறது, எடுத்த சோற்றைக் கீழே போட்டுவிடுகிறது. பிறகு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, கிண்ணம்தான் தன்னைக் கடித்தது போல அதைப் பார்த்து உறுமுகிறது. நேற்று நெய்து மடித்து வைத்த போர்வை மேல் படுத்திருந்தது. எழுந்த இடத்தில் எச்சில் கறை, லேசாகச் சிவப்பு. அதைப் பார்த்துத்தான் பல் என்றேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து பால் மட்டும்தான் நக்குகிறது, அதுவும் இன்று குறைந்துவிட்டது. பக்கத்தில் மாடு பார்க்கிற டாக்டரிடம் கொண்டுபோனோம். சத்து ஊசி போட்டு, வயதானால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார். வலிக்குப் பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாம் என்கிறார் மாமா. வீட்டில் கிராம்புத் தைலமும் இருக்கிறது. எது நல்லது?

நாமக்கல்பக்கம், 11.21
இரண்டும் வேண்டாம். முதலில் மாமா கையிலிருந்து அந்த மாத்திரையை வாங்கி வையுங்கள். நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதைச் சிதைத்து வெளியேற்ற வேண்டிய வேலை பூனையின் கல்லீரலுக்கு வராது. இரத்தம் பழுப்பாகி மூச்சுத் திணறும். கால் மாத்திரையே உயிரை வாங்கலாம். கிராம்புத் தைலமும் பூனைக்கு ஆகாது. விரிவாக எழுதுகிறேன், பத்து நிமிடம் பொறுங்கள்.

காங்கேயத்தான், 11.24
மெலிந்திருக்கிறதா? மெலிந்திருந்தால் பூச்சிதான்.

நாமக்கல்பக்கம், 11.43
நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது அண்ணா. பசித்து ஓடி வருகிறது, வலித்ததும் பின்வாங்குகிறது. உணவை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு. பல்லைப் பார்க்க வேண்டும். தலையை இடப்பக்கம் சாய்த்து மெல்லுகிறது என்றால் வலிக்கிற பக்கம் வலமாக இருக்கலாம். வாயைப் பிளக்காதீர்கள், கடித்துவிடும். துண்டில் சுற்றி மடியில் வைத்து, பின்னாலிருந்து உதட்டோரத்தை மட்டும் கட்டை விரலால் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில், பல் மேலேயே சிவப்பாகச் சதை ஏறியிருந்தால் பல் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது நம் சொத்தைப் பல் போன்றது அல்ல; பூனையின் உடலே தன் பல்லைக் கரைக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால்தான் வேர் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். வைத்தியம் பிடுங்குவதுதான்.

அதுவரை உணவு. கோழி நெஞ்சுக்கறியை உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேக வையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். அந்தத் தண்ணீரோடு மிக்ஸியின் சின்ன ஜாரில் இட்லி மாவுப் பதத்துக்கு அரையுங்கள். ஒரு நார் கூட நிற்கக் கூடாது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரிந்தால் போதும். பூனையின் உடல் சூடே 38 டிகிரிக்கு மேல். பிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் வாசனையும் எழாது, பல்லும் கூசும். கிண்ணத்தை விட்டுவிட்டுத் தட்டையான தட்டில் வையுங்கள். அந்தக் கிண்ணம் என்றாலே அதற்கு இப்போது வலி.

நக்கவும் மறுத்தால், ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தோரமாக ஒரு மில்லி, விழுங்கிய பிறகு அடுத்தது. நேராகத் தொண்டைக்குள் அடித்தால் நுரையீரலுக்குப் போய்விடும். மூன்று நாள் அரைப்பட்டினி ஆகிவிட்டது. பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் அடையும், பிறகு அது தனி நோய். நாளைக்கே சிறு பிராணிகள் பார்க்கிற டாக்டரிடம் போங்கள். ஈரோட்டில் கிடைக்கவில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும் முன் சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள், இந்த வயதில் அது முக்கியம்.

மீசைக்காரர், திங்கள் காலை 6.10
மேலே சொன்னது பெரும்பாலும் சரி. சோறே தவறு என்பதை மட்டும் மென்று விழுங்கிவிட்டார். பூனை ஊனுண்ணி. டாரின் என்ற சத்து இறைச்சியில்தான் உண்டு. அது குறைந்தால் பூனையின் இதயம் விரிந்து பலவீனமாகும் என்று 1987லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பால் சோறு போட்டு வளர்த்துவிட்டுப் பல்லைக் குறை சொல்கிறோம்.

பவானிக்கரை, 6.32
எனக்கு வேறு கவலை. அரிசிம்பருப்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் போடுவார்களே? அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பார்கள். இத்தனை வருடமாகவா அதைக் கொடுத்தீர்கள்?

பொள்ளாச்சி இளநீர், 6.40
எங்கள் வீட்டு அரிசிம்பருப்பில் பூண்டு கிடையாது. சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான்.

காங்கேயத்தான், 6.44
பூண்டு தட்டிப் போடாததற்குப் பெயர் அரிசிம்பருப்பா? பருப்புக் கஞ்சி என்று சொல்லுங்கள்.

பொள்ளாச்சி இளநீர், 6.51
கஞ்சியோ என்னவோ, எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்த மறுநாள் அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். தக்காளியைப் போட்டுக் கெடுப்பது யார் ஊர் வழக்கம் என்று நான் சொல்லவில்லை.

காங்கேயத்தான், 6.53
தக்காளி ஈரோட்டுக்காரர்கள் வேலை. எங்கள் மேல் போடாதீர்கள்.

பவானிக்கரை, 7.02
ஈரோட்டுக்காரி இங்கேதான் இருக்கிறேன். அரைத் தக்காளி போட்டால் என்ன குடி முழுகிவிடும்?

மீசைக்காரர், 7.15
இழை பூனையைப் பற்றியது என்று நினைவூட்டுகிறேன். தவிர, தக்காளி போடுவது தவறு.

நாமக்கல்பக்கம், 7.30
வெங்காயம், பூண்டு எது விழுந்திருந்தாலும் இன்றோடு அந்தச் சாதம் மணிக்கு வேண்டாம். ஈறு வெளிறியிருக்கிறதா என்று டாக்டரிடம் சேர்த்துக் கேளுங்கள். அண்ணா, இரவு ஏதாவது நக்கியதா?

பவானிக்கரை, செவ்வாய் இரவு 8.15
சென்னிமலை அண்ணா, என்ன ஆயிற்று? ஒரு வரியாவது எழுதுங்கள்.

சென்னிமலைத்தறி, வியாழன் மதியம் 1.20
எல்லோருக்கும் நன்றி. திங்களன்று ஈரோட்டில் காட்டினோம். வலப்பக்கம் கீழே கடைவாய்ப் பல், பாதி கரைந்துவிட்டது, மேலே சதை ஏறியிருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்துக்குப் பார்க்கிற அளவு கொஞ்சம் கூடியிருப்பதால் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி, சனிக்கிழமை பிடுங்குகிறார்கள். வலிக்குப் பூனைக்கான மருந்தே தந்திருக்கிறார். அரைத்த கோழியைத் தட்டில் வைத்தால் நக்கித் தீர்த்துவிடுகிறது. பழைய கிண்ணத்தைக் கண்டால் இன்னும் உறுமுகிறது, அதனால் எடுத்துப் பரணில் போட்டுவிட்டோம். எங்கள் வீட்டில் பூண்டு போடுவோம். இனி அதற்குக் கொடுக்க மாட்டோம். தறிக்குப் போகிறேன்.

காங்கேயத்தான், 1.26
நல்ல செய்தி. பூச்சி மருந்து கொடுத்தாரா?