கிட்னி வாங்கிக்கிட்டவங்க யாராவது எங்கப்பாகிட்ட பேசுவீங்களா?

வணக்கம் மக்களே, அப்பாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ் ஓடுது, அம்மா ஓ பாசிட்டிவ், டெஸ்ட் எல்லாம் ஓகே, குடுக்க ரெடியா நிக்கிறாங்க, ஆனா அப்பா "பொண்டாட்டி வயித்தக் கிழிச்சு நான் பொழைக்கணுமா"ன்னு ஒரே பிடிவாதம். மூளைச்சாவு ஆனவங்க கிட்னின்னா வாங்கிக்குவாராம், டிரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசோட உறுப்பு மாற்று ஆணையம்) லிஸ்ட்ல பேரு இருக்கு, அது எப்ப வருமோ. உயிரோட இருக்கறவங்க குடுத்தா பொதுவா கூட வருஷம் உழைக்கும், லேப்ராஸ்கோப்பில எடுத்தா அம்மாவுக்குப் பெரிய காயமும் இருக்காதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்கல. (சொந்தக்காரங்க வேற ஏத்தி விடுறாங்க.)

மனைவிகிட்டயோ பிள்ளைங்ககிட்டயோ வாங்கினவங்க சொல்லுங்க, மொதல்ல நீங்களும் வேணாம்னுதான் சொன்னீங்களா, அப்புறம் எது மனச மாத்துச்சு? இப்பவும் குற்ற உணர்ச்சி இருக்கா? நல்லதா மட்டும் சொல்லணும்னு இல்ல. மதுரைப் பக்கம் இருந்தா நேர்லயே வந்து பேச முடியுமா, ப்ளீஸ்.