புதுப்பிப்பு: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்தே ஐஸ் ஹாக்கிக்குத் தயாராவது

போன மாதம் கேட்டிருந்தேன்: அடுத்த வருடம் டொராண்டோவுக்குக் குடிபோகிறோம், ஏழு வயது மகனுக்கு ஐஸ் ஹாக்கிதான் வேண்டுமாம், மீன் பெட்டியில் போடும் ஐஸைத் தவிர வேறு ஐஸே பார்க்காத ஊரில் எதில் தொடங்குவது என்று. பலரும் இன்லைன் ஸ்கேட் (ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஷூ) என்றீர்கள். வாங்கியாச்சு.

முதல் தப்பு என்னுடையதுதான். வளர்கிற பிள்ளையாச்சே என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தேன். கணுக்கால் உள்பக்கம் மடங்கி, பத்தடி போவதற்குள் அழுதுவிட்டான். விரல்நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும், குதிகால் அசையக் கூடாது. ஐஸ் ஸ்கேட் பெரும்பாலும் ஷூ சைஸைவிட ஒன்று, ஒன்றரை குறைவாகத்தான் வரும் என்பதே அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்தது உப்புக்காற்று. ஒரு வாரம் திண்ணையில் கிடந்ததற்கே பேரிங் துருப்பிடித்து, சக்கரம் கரகரவென்று சுற்றியது. இப்போது துடைத்து, இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, டப்பாவில் மூடி வைக்கிறேன்.

காலை ஆறு மணிக்கு சிமெண்டுத் தளத்தில் மணலைப் பெருக்கிவிட்டு ஓட்டுகிறான். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் விழுவதைத்தான் முதலில் பழக்கினோம். மட்டை, வெறுங்காலில் நின்றால் மூக்கு உயரம். ஓட்டத்தை நிறுத்துவதை மட்டும் அங்கே போய்த்தான் கற்க வேண்டும். இங்கே குதிகால் பிரேக், ஐஸில் ஸ்கேட்டின் அடியில் உள்ள கத்தியைக் குறுக்கே திருப்பிச் சறுக்கி நிற்பார்கள்.

அவன் தாத்தா மட்டையை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "துடுப்புக்குக்கூட ஆகாதே" என்கிறார்.