பிரெஞ்சு மொழியில் கதாபாத்திர விளையாட்டு: வேலூரில் முதல் அமர்வை எப்படித் தொடங்குவது?

காட்பாடி மாணவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். மேல்நிலை வகுப்புகளில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தேன். மதிப்பெண்ணுக்காகத்தான் எடுத்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய அந்த மொழியில் இன்றுவரை ஒருவரிடமும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

சென்ற மாதம் பாரிஸிலிருந்து வந்த என் சித்தப்பா, 'குரோனிக் உப்லியே' என்னும் மாயாஜால உலக விளையாட்டின் விதிநூலைக் கொடுத்துவிட்டுப் போனார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் விளையாட்டு இது. பிளாக் புக் நிறுவனம் வெளியிட்டது. புதியவர்களுக்கு எளிது என்றார். நூலின் பருமனைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. விளையாட நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். அவர்களில் இருவருக்குப் பிரெஞ்சு அறவே தெரியாது. பகடைகளும் கைவசம் இல்லை. நூல் முழுவதையும் படித்த பிறகுதான் தொடங்க வேண்டுமா? பிரெஞ்சிலேயே விளையாடுவது நடக்கிற காரியமா?

பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, முழுவதையும் படிக்கத் தொடங்கினால் நீங்கள் விளையாடவே மாட்டீர்கள். புதுச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் இதே விளையாட்டை ஓராண்டுக்கு மேல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் மாலைக்கு வேண்டியது, ஒருவருடைய கதாபாத்திரத்தின் எண்களும் திறன்களும் எழுதிய தாளை எப்படி வாசிப்பது என்பதும், இருபது முகப் பகடையை எப்போது உருட்டுவது என்பதும் மட்டுமே.

உருட்டும் முறை இதுதான். ஒருவர் மதில் ஏற முயல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையை நடத்துபவர், அதாவது 'மேத்ர் து ழெ', அந்தச் செயலின் கடினத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறார். கடினமான செயலுக்கு 15 என்று கொள்ளலாம். ஏறுபவர் பகடையை உருட்டி, வந்த எண்ணுடன் தம் சுறுசுறுப்புக்குரிய கூட்டலைச் சேர்க்கிறார். அவருக்கு 3 கூட்டல் உண்டென்றால் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் ஒன்பது வாய்ப்பு, அதாவது 45 விழுக்காடு. சண்டையும் இதே கணக்குத்தான், எதிரியின் தற்காப்பு எண்ணே அங்கே கடினத்துக்குரிய எண்ணாகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி, நலிவுற்ற கதாபாத்திரம் இருபது முகத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு முகப் பகடையை உருட்ட வேண்டும் என்பது. அதே மதிலை அவர் ஏற, பன்னிரண்டில் ஒரே ஒரு வாய்ப்புத்தான் மிஞ்சுகிறது. தனியாக ஒரு தண்டனைப் பட்டியலை மனத்தில் வைக்காமல், பகடையை மாற்றியே பலவீனத்தை உணர்த்திவிடுகிறார்கள்.

கதாபாத்திரங்களை நீங்களே முன்கூட்டி எழுதிக் கொண்டுபோங்கள். போர்வீரர், மந்திரவாதி போன்ற ஒவ்வொரு தொழிலுக்கும் திறன்களை வளர்க்க ஐந்து பாதைகளும், ஒவ்வொரு பாதையிலும் ஐந்து படிகளும் இருக்கின்றன. நண்பர்களிடம் நூலை நீட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மாலை அதிலேயே கழிந்துவிடும். முதல் நிலையில் ஒருவருக்கு இரண்டு திறன்கள் போதும். பிரெஞ்சு அறியாத இருவருக்கும் போர்வீரரையும் முரட்டு வீரரையும் கொடுங்கள். மந்திரவாதியைக் கொடுக்காதீர்கள், ஏனெனில் ஒவ்வொரு மந்திரமும் ஒரு பத்தி வாசிப்பு.

மொழியைப் பற்றி நீங்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. இந்த விளையாட்டில் பெரும்பாலும் எல்லாமே நிகழ்காலத்தில் நடக்கிறது; தேர்வுக்காக உருப்போட்ட இறந்தகால வாய்பாடுகள் இங்கே பெரிதாகத் தேவைப்படா. நடத்துபவர் காட்சியை விவரித்து, 'கெ ஃபெத் வூ?' என்று கேட்பார், என்ன செய்கிறீர்கள் என்று. பதிலுக்கு 'ழத்தாக்' என்றால் தாக்குகிறேன், 'ழ மெ காஷ்' என்றால் ஒளிகிறேன், 'ழூவ்ர் லா போர்த்' என்றால் கதவைத் திறக்கிறேன். இப்படிப் பத்துத் தொடர்களை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதி மேசை நடுவில் வைத்துவிட்டால், தெரியாதவரும் தம் முறை வரும்போது வாய் திறப்பார். நண்பர்களுக்குள் 'த்யூ', சத்திரக்காரரிடமும் ஊர்த் தலைவரிடமும் 'வூ' என்பது நமக்குத் தனியாகக் கற்பிக்க வேண்டாதது. நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்தவர்கள்தாமே நாம்.

சில சொற்களில் கவனம் வேண்டும். 'சோர்' என்றால் வெளியேறுகிறான் என்றுதான் நமக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். இந்த நூலில் அது பெரும்பாலும் மந்திரம். பாதையைக் குறிக்கும் 'வ்வா'வும் குரலைக் குறிக்கும் 'வ்வா'வும் காதுக்கு ஒன்றே, எழுத்தில்தான் வேறு. 'ரோதர்' என்பதற்கு அகராதி, சந்தேகப்படும்படி சுற்றித் திரிபவன் என்று பொருள் தரும். இங்கே அவர் மரியாதைக்குரிய காட்டு வழிகாட்டி. நான் முதல் அமர்வில் அவரைத் திருடர் என்றே அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு உண்மையான திருடர் வந்தபோது விழித்தேன்.

சத்துவாச்சாரி வாசகர் எழுதியது:

பகடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட தொகுப்பு இணையத்தில் கிடைக்கிறது. அது வந்து சேரும்வரை, ஒரு டப்பாவில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கலாம்; எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டுவிட வேண்டும் என்பதை மறவாதீர்கள். வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதே என்று அதைக் கொண்டு சமாளிக்க முயல வேண்டாம். இரண்டு கட்டைகளை உருட்டினால் பதினாறு சேர்க்கைகளில் நான்கில் கூட்டுத்தொகை மூன்றாகவே வரும். ஓரத்து எண்கள் அரிதாகவே விழும். இருபது முகப் பகடையிலோ எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு. விதிகளின் கணக்கே அதை நம்பித்தான் இருக்கிறது.

ஆற்காட்டு வாசகி எழுதியது:

பாலாற்றங்கரை ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆனால் கதைக்களமும் ஐரோப்பியக் கிராமமாகவே இருக்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் நம் பகுதிக்குப் புதியவர்களா என்ன? 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூர்ப் போரில் சந்தா சாகிப்புடனும் முசாபர் ஜங்குடனும் நின்றவர்கள் பிரெஞ்சுப் படையினர்தாம். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் உயிரிழந்தது அங்கேதான். இந்த விளையாட்டில் துப்பாக்கி ஏந்தும் வீரருக்கே ஒரு தொழில் இருப்பதால், அந்தக் காலத்தில் ஒரு கதை அமைத்தால் விதிகளைத் திருத்தவும் தேவையிருக்காது, பாத்திரங்கள் பிரெஞ்சு பேசுவதற்கும் காரணம் கிடைத்துவிடும். வேலூர்க் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் போகிறது என்று ஊரார் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாலாற்றங்கரை எழுதியது:

அம்மா, யோசனை அருமை. ஆனால் அது மூன்றாவது அமர்வுக்கு. முதல் நாளிலேயே நவாபும் படைகளும் வந்தால், நடத்துபவர் பிரெஞ்சு, விதி, வரலாறு ஆகிய மூன்றோடும் ஒரே நேரத்தில் மல்லாட வேண்டியிருக்கும். சுரங்கத்தை மட்டும் இப்போதே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாயில், இரண்டு அறைகள், காவலுக்கு ஒரு பூதம், பேரம் பேச ஒரு கைதி. கைதி கட்டாயம் வேண்டும், ஏனெனில் பூதத்திடம் யாரும் பிரெஞ்சு பேச மாட்டார்கள். கைதியிடம் பேசியே ஆக வேண்டும். மொத்தம் இரண்டரை மணி நேரம். விதி தொடர்பான ஐயம் எழுந்தால் தமிழில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கதாபாத்திரத்தின் வாயிலிருந்து வருவது மட்டும் பிரெஞ்சாக இருக்கட்டும். பிழையை அந்த இடத்திலேயே திருத்தாதீர்கள், ஒருவரைத் திருத்தினால் மற்ற மூவரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

காட்பாடி மாணவன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வருகிற ஞாயிறு மாலை விடுதி அறையில் தொடங்குகிறோம். சீட்டுகளை எழுதி முடித்துவிட்டேன். டப்பா, போன வாரம் வாங்கிய ஆற்காடு மக்கன் பேடாவுடையது. சுரங்கத்துக் கைதியாக ஒரு சத்திரக்காரரை வைத்திருக்கிறேன். அவரிடம் 'வூ' சொல்லாதவர்களுக்கு அவர் வாய் திறக்க மாட்டார்.