டேங்க் நிறைந்திருந்தால் மட்டும் நின்றுபோன வண்டி

என் தகப்பனார் 1988இல் வாங்கிய 1300 சிசி கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டியை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டிலிருந்து நான் இன்றும் ஓட்டி வருகிறேன். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் சொல்ல முடியாத அந்த வண்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டால் மட்டும், என்3 நெடுஞ்சாலையின் ஏற்றத்தில் கேட்டோ ரிட்ஜை நெருங்கும்போது இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை திணறி, அணைந்துவிடும். பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

ஓராண்டுக்கும் மேலாகப் பணம் செலவழித்தோம். சூடேறியதும் தீப்பொறி போய்விடுகிறது என்று எண்ணி, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றினோம். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, அதற்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையின் ஊசி வால்வைப் புதிதாகப் போட்டோம். பெட்ரோல் பம்பையும் மாற்றினோம். தென்னாப்பிரிக்காவில் 2006இல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டதுதான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. ஈயம் இல்லாவிட்டால் பழைய என்ஜினின் வால்வு இருக்கைகள் தேயலாமே தவிர, வண்டி பாதி வழியில் அணைந்து பத்து நிமிடத்தில் உயிர் பெறாது. வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது என்ற விளக்கம் எனக்கே நெடுநாள் சரியாகப் பட்டது. ஜூலை மாதக் குளிரிலும் அதே இடத்தில் நின்றபிறகு அதையும் விட்டுவிட்டேன்.

மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாய்மாமாவிடம் சொன்னேன். "தம்பி, ஆறிப்போன வண்டியில் நோய் தெரியாது, நின்ற இடத்திலேயே, நின்ற நிமிடத்திலேயே பார்" என்றார். ஏர் ஃபில்டர் மூடியை எடுத்துவிட்டுக் கார்பரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் இருந்தால் நூல் போல ஒரு தாரை பாயும், பாயாவிட்டால் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் வறண்டுவிட்டது, தீப்பொறியைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அவர் சொன்ன முதல் சோதனை. இரண்டாவது, டேங்க் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்பது.

பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோவில் தீமிதிக்கு டேங்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். வழக்கமான இடத்தில் வண்டி திணறியதும் சாலையோர மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒதுக்கி, அணைந்த உடனே பானெட்டைத் திறந்தேன். கம்பியை நான்கு முறை இழுத்தும் தாரை வரவில்லை; தாரை வரவேண்டிய பித்தளை மூக்கின் நுனியில் ஈரம் மட்டும் மின்னியது. பின்பக்கம் போய் டேங்க் மூடியில் சாவியைத் திருப்பினேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம், ஒரு நீண்ட மூச்சு இழுக்கும் நேரம் கேட்டது. மூடியைப் போட்டுச் சாவி கொடுத்தபோது, பத்து நிமிடம் காத்திராமலே என்ஜின் பிடித்துக்கொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் யாரோ இரவில் பெட்ரோலை உறிஞ்சி எடுத்ததால், நானே வாங்கிப் போட்ட பூட்டு மூடி அது. டேங்குக்குத் தனிக் காற்றுக்குழாய் உள்ள வண்டிகளுக்கு உரிய, துளையில்லாத மூடி. என் வண்டியின் டேங்கோ பழைய மூடியின் சிறு துளை வழியாகத்தான் மூச்சு விட்டுவந்தது. பெட்ரோல் வெளியேற வெளியேற, அதன் இடத்தை நிரப்பக் காற்று வராததால் உள்ளே அழுத்தம் குறைந்து, பம்பின் மெல்லிய சவ்வான டயஃப்ரம் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் மேலே வரவில்லை. நிறுத்தி வைத்தால் ரப்பர் வளையத்தின் ஓரமாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும். டேங்க் நிறைந்திருக்கும்போது காற்றுக்கு இருக்கும் இடமே சிறிதென்பதால் அழுத்தம் விரைவில் இறங்கிவிடும். ஊருக்குள் பத்து லிட்டர் போட்டுக்கொண்டு குறுகிய தூரம் ஓடியபோது இந்தக் கோளாறு தலைகாட்டாததற்கு அதுதான் காரணம். வண்டி நிற்கும்போது டேங்கில் எவ்வளவு இருந்தது என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

துளையுள்ள மூடியைப் போட்டபின் அதே ஏற்றத்தை டேங்க் நிறைய பெட்ரோலுடன் பலமுறை ஏறிவிட்டேன்.

அடுத்த ஆண்டு அத்தானின் பழைய பிக்கப் வண்டியும் ஏற்றத்தில் அணையத் தொடங்கியது. கார்பரேட்டர் வறண்டிருந்தது, ஆனால் மூடியைத் திறந்தபோது சத்தமில்லை. கண்ணாடி போன்ற ஃபில்டருக்குள் பெட்ரோலுடன் குமிழிகள் ஓடுவதைப் பார்த்துத்தான் டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தோம்; மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் பிளந்தன. பம்ப் இழுக்கும் பக்கம் என்பதால் அங்கே பெட்ரோல் சொட்டவில்லை, காற்றுதான் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. ஒரு சாண் ஹோஸும் இரண்டு கிளிப்புகளும் மாற்றியதோடு அன்று மாலையே அத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.